பொட்டு வைத்த முட்டைகள்

போன வாரம் எங்கள் நான்காவது மாடியில் ஒரு நாற்றம் கிளம்பியது. சாதாரண நாற்றமில்லை. நம்மோடு லிஃப்டில் ஏறி, நமக்கு முன்னால் கீழே இறங்கி, வாட்ச்மேனிடம் நலம் விசாரிக்கிற வகை. கூடுவாஞ்சேரியில் எந்தக் கட்டடத்தில் நாற்றம் வந்தாலும் முதலில் கழிவுநீர்த் தொட்டியைத்தான் சந்தேகப்படுவோம். வாட்ஸப் குழுவில் ஒருவர் காஸ் கசிகிறது என்றார். இன்னொருவர் எலி செத்திருக்கிறது என்று அடித்துச் சொன்னார். குடியிருப்புச் செயலாளர் பிளம்பரை வரவழைத்தார். அந்த ஆள் ஓர் ஓட்டைக்குள் கம்பியை விட்டு ஆட்டிப் பார்த்துவிட்டு, "குழாய்ல ஒண்ணும் இல்ல சார், யார் வூட்லயோ இன்னாவோ கீது" என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் கதவைத் திறந்து மூக்கை ஒரு தடவை உறிஞ்சினேன். "கூமுட்டை" என்றேன்.

செயலாளருக்கு முகம் சுருங்கிவிட்டது. அவரைச் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டார், பாவம். அவரைச் சமாதானப்படுத்திவிட்டு எதிர் வீட்டு மணியை அடித்தேன். தினேஷ் வந்து கதவைத் திறந்தான். ஐ.டி. கம்பெனிக்காரன், போன வருடம் கல்யாணமானவன், நல்ல பிள்ளை. முகத்தில் திருட்டு முழி. பால்கனியில் ஆன்லைனில் வாங்கிய இன்குபேட்டர், அதற்குள் நாட்டுக்கோழி முட்டைகள். அதில் ஒன்று கெட்டுப்போய், வெடித்து, மற்றதையெல்லாம் அபிஷேகம் செய்திருந்தது.

"எப்பிடி ஆன்ட்டி வாசனைய வச்சே கண்டுபுடிச்சீங்க? இது ரெண்டாவது வாட்டி. ஒண்ணுகூடப் பொரிக்க மாட்டேங்குது" என்றான். அழுதுவிடுவான் போலிருந்தது.

எப்படிக் கண்டுபிடித்தேனா? அந்த வாடை மூக்கில் ஏறியதுமே நான் கூடுவாஞ்சேரியில் இல்லையே! திருக்கழுக்குன்றத்தில், ஓதுவார் வீட்டுப் பின்கட்டில், குண்டு பல்பு எரிகிற ஒரு தெர்மாகோல் பெட்டிக்கு முன்னால் அல்லவா குந்திக்கொண்டிருந்தேன்!

அப்போது எங்களுக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் நான் பேக்கிங் பிரிவு, என் வீட்டுக்காரர் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவு. கம்பெனி பஸ்ஸில் பழகி, கம்பெனி பஸ்ஸில் சண்டை போட்டு, கடைசியில் கல்யாணமும் செய்துகொண்டோம். அவர் கோயம்புத்தூர்க்காரர். கோபம் வந்தாலும் பெண்டாட்டியை "வாங்க போங்க" என்றுதான் சொல்வார். கோபத்தில் அந்த 'ங்க' கொஞ்சம் நீளும், அவ்வளவுதான். நான் அச்சரப்பாக்கத்துக்காரி. எனக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது.

எங்களுக்கு யாரும் வீடு கொடுக்கவில்லை. காதல் கல்யாணம் என்று காதில் விழுந்ததும் ஒருவர் அட்வான்ஸை ஏற்றினார், இன்னொருவர் அண்ணனுக்குக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றார். செங்கல்பட்டில் மட்டும் எத்தனை படிக்கட்டு ஏறி இறங்கியிருப்போம்! கால் வீங்கிப்போய்த் திருக்கழுக்குன்றம் வந்து சேர்ந்தபோது, அரசியக்காதான் சாவியை எடுத்து நீட்டினார். முழுப் பெயர் மங்கையர்க்கரசி. அவர் கணவர் கோயிலில் தேவாரம் பாடுகிற ஓதுவார். பிள்ளைகள் இரண்டும் வெளியூரில் இருந்ததால் பக்கத்துப் போர்ஷன் காலியாகக் கிடந்தது.

"நீங்க யாரு, எவரு, எப்பிடிக் கட்டிக்கினீங்க, எனக்கு ஒண்ணும் வாணாம். முட்ட, மீனு, கறி, இது மூணும் எங்க வூட்டு வாசப்படி தாண்டக் கூடாது. ஒத்துக்கினா இந்தா சாவி."

ஒத்துக்கொண்டோம். எனக்கு ஆம்லெட் நினைப்பு வந்தால் இரண்டு பேரும் பஸ் ஏறி மாமல்லபுரம் போய், கடற்கரை ஓரக் கடையில் வயிறு முட்டச் சாப்பிட்டு, மணலில் உட்கார்ந்து வாய் வாசனை போகிற வரைக்கும் காற்று வாங்கிவிட்டு வருவோம். எங்கள் தேனிலவு எல்லாம் ஆம்லெட் செலவில் நடந்ததுதான்.

இந்த இடத்தில் செம்மியைப் பற்றிச் சொல்ல வேண்டும். செம்மி, எங்கள் அம்மா வீட்டுச் சிறுவிடை நாட்டுக்கோழி. செம்பட்டை நிறம், சின்ன உடம்பு, பெரிய திமிர். நான் வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்த நாட்களில் என் கையில் தீனி தின்று வளர்ந்தது. கல்யாணத்துக்கு எனக்குச் சீர் ஒன்றும் செய்ய முடியவில்லையே என்று அம்மாவுக்குக் குறை. "செம்மியையாவது இட்டுகினு போ" என்றாள். சைவ வீட்டில் கோழியை எங்கே வைப்பது? அதனால் என் சீர் அச்சரப்பாக்கத்திலேயே தங்கிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவைப் பார்க்கப் போனேன். வாசலில் அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். செம்மி அடையில் இருந்திருக்கிறது. அடைக்கோழி கூட்டைவிட்டு எழுந்து வருவதே அபூர்வம். தின்ன, மண்ணில் புரள, ஒரு பொழுது வெளியே வரும். அப்படி வந்த நேரத்தில் பெரிய ரோட்டிலிருந்து திரும்பிய ஒரு வேன் அடித்துவிட்டது. கூட்டில் முட்டைகள் இன்னும் சூடாக இருந்தன.

"போச்சுடி. பாதி அடை ஆயிட்ச்சு. உள்ள உசுரு வந்துகினு இருக்கும், துன்னவும் ஆவாது. வேற அடக்கோழியும் இல்ல. குழி தோண்டிப் பொதச்சிடலாம்" என்றாள் அம்மா.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "என் சீர நான் பொதைக்க மாட்டேன்" என்று கத்தினேன். கத்திவிட்டேனே ஒழிய, என்ன செய்வதென்று தெரியவில்லை. அம்மா விடிந்தால் சந்தைக்குப் போகிறவள், முட்டைக்குக் காவல் இருக்க முடியாது. என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "கொண்டு வாங்க, பாத்துக்கலாம். ஒரு பொட்டி, ஒரு பல்பு, ஒரு தெர்மாமீட்டர். கோழி என்னங்க பெரிய கோழி?" என்றார். வீட்டு வாசப்படி விஷயம் எங்கள் இரண்டு பேருக்குமே அந்த நிமிடம் ஞாபகம் வரவில்லை.

சூடு ஆறாமல் எப்படிக் கொண்டு போவது? அம்மா ஒரு பழைய துண்டில் சின்னச் சின்னப் பைகளாக வைத்துத் தைத்தாள். ஒவ்வொன்றிலும் பஞ்சோடு ஒரு முட்டை. அதை என் வயிற்றைச் சுற்றிக் கட்டி, மேலே புடவையைத் தளர்வாகச் சுற்றிவிட்டாள். "கோழி உடம்பு சூடும் மனுச உடம்பு சூடும் பக்கத்து பக்கத்துதான். குலுங்காம மட்டும் போ" என்றாள். குலுங்காமல்! அச்சரப்பாக்கத்திலிருந்து செங்கல்பட்டுக்கு டவுன் பஸ்ஸில்!

பஸ்ஸில் நிற்க இடமில்லை. நான் படியில் கால் வைத்ததும் கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யோவ், எழுந்திருங்கய்யா, புள்ளத்தாச்சிப் பொண்ணு ஏறுது. கண்ணு தெர்ல? அண்ணாத்த, மெதுவா எடு!"

முன் சீட்டில் இருந்த இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். எனக்குச் சிரிப்பு முட்டியது, சிரித்தால் முட்டை குலுங்கும். பல்லைக் கடித்துக்கொண்டு வயிற்றில் இரண்டு கையையும் வைத்து உட்கார்ந்தேன். அது இன்னும் மோசமாய்ப் போயிற்று. பக்கத்து சீட்டில் இருந்த ஓர் அம்மாள் என் தோளைத் தடவி, "எத்தினி மாசம்மா?" என்றார்.

"பாதி ஆயிட்ச்சுங்க" என்றேன். பொய் சொல்லவில்லை, பாருங்கள்.

"தனியாவா அனுப்புனாங்க? ஒன் வூட்டுக்காரன் இன்னா மனுசன்!"

செங்கல்பட்டு வரைக்கும் அவருக்கு வசவு விழுந்துகொண்டே இருந்தது. எனக்கு உள்ளுக்குள் பரம சந்தோஷம். வேகத்தடை வரும்போதெல்லாம் டிரைவர் திரும்பி என்னைப் பார்த்துவிட்டு, மாட்டு வண்டி மாதிரி ஏற்றி இறக்கினார். அந்த ஒரு பிரயாணத்தில் நான் ராணி. செங்கல்பட்டில் பஸ் மாறியபோதும் அதே மரியாதைதான். ஆனால் அந்த இரண்டாவது பஸ்ஸின் பின் சீட்டில் எங்கள் தெருப் பூக்காரம்மா உட்கார்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. அவர் கையில் செல்போன் இருந்ததையும்.

தெருமுனையில் திரும்பியபோதே அரசியக்கா வாசலில் நிற்பது தெரிந்தது. முகமெல்லாம் பல். பக்கத்தில் நாலு பெண்கள். ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏண்டி, எம்மா நாளா மறச்சிட்ட? நேத்து மாடிப்படி பெருக்கின, தண்ணிக் கொடம் தூக்கின, ஒரு வார்த்த சொன்னியா? பூக்காரி போன் பண்ணித்தான் நான் தெரிஞ்சிக்கணுமா? அவரு கோயில்ல இருந்தாரு, சொல்லி ஒம் பேருக்கு அர்ச்சன பண்ணச் சொல்லிட்டேன். ஒக்காரு, மாங்கா அறுத்து வச்சிருக்கேன்."

இடையில் பேச இடம் கொடுத்தால்தானே! உள்ளே இழுத்துக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார வைத்து, கையில் உப்பும் மிளகாய்த் தூளும் தூவிய மாங்காயைத் திணித்தார். அவர் மூச்சு வாங்கிய இடைவெளியில் சொன்னேன்.

"அக்கா, இது கொழந்த இல்ல."

"பின்ன?"

"முட்டை."

நாலு பெண்களும் என் வயிற்றையே பார்த்தார்கள். நான் முந்தானையை விலக்கித் துண்டைக் காட்டினேன். செம்மி கதையை ஒரே மூச்சில் கொட்டினேன். அரசியக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வாசப்படி தாண்டி வந்தாயிற்று, அதுவும் அவரே கையைப் பிடித்து அழைத்து வந்திருக்கிறார்.

அந்த நேரம் பார்த்துத் தேங்காய் மூடி, வாழைப்பழம், திருநீறு சகிதம் ஓதுவார் ஐயா வந்தார். "எல்லாம் நல்லபடியா நடக்கும் தாயி" என்று தட்டை நீட்டினார்.

"நடக்கும், நடக்கும். அவ வயித்துல கீறது முட்டைங்க" என்றார் அரசியக்கா.

ஐயா என்னைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார். நிதானமாக, "உயிர் இருக்கா?" என்றார்.

"இருக்கு ஐயா. பாதி வளர்ந்திருக்கும்."

"அப்போ அர்ச்சனை வீணில்லை" என்று சொல்லிவிட்டுத் தட்டை என் மடியில் வைத்துவிட்டுக் கை கால் கழுவப் போய்விட்டார்.

அரசியக்கா தரையிலிருந்து எழுந்து, விரலை ஆட்டித் தீர்ப்புச் சொன்னார்: "பொரிச்சா அது குஞ்சு. உசுரு. வூடு பூரா ஓடட்டும், நான் கேக்க மாட்டேன். பொரிக்கலன்னா முட்ட. தெரு பூரா சொல்லி, சாமிக்கும் சொல்லியாச்சு. ஒண்ணாவது பொரிக்கணும். இல்லன்னா நீயும் ஒன் வூட்டுக்காரரும் பொட்டியத் தூக்கிகினு வேற வூடு பாத்துக்குங்க." விளையாட்டுக்குச் சொல்கிறவர் இல்லை அவர். எனக்குச் செங்கல்பட்டுப் படிக்கட்டுகள் எல்லாம் வரிசையாகக் கண்ணில் வந்து நின்றன.

மருந்துக்கடையிலிருந்து வாங்கி வந்த தெர்மாகோல் பெட்டி, பின்கட்டில் வெந்நீர் அடுப்புக்குப் பக்கத்தில் இடம் பிடித்தது. என் வீட்டுக்காரர் பல்பைப் பொருத்தி, தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டு, சூடு வெளியே போகாமல் இண்டு இடுக்கெல்லாம் டேப் ஒட்டினார். கம்பெனி வேலை மாதிரி அத்தனை சுத்தம். தெர்மாமீட்டர் முப்பத்தேழரையைக் காட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. எனக்கு மட்டும் திருப்தி இல்லை. அம்மாவுக்குப் போன் செய்தேன். "ஒரு முட்டைய எடுத்து கண்ணு ரெப்ப மேல வச்சுப் பாருடி. ரெப்பைக்கு இதமா இருக்கணும்" என்றாள். வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

"கருவி பொய் சொல்லாதுங்க" என்றார் அவர், 'ங்க'வைச் சற்றே நீட்டி.

"கருவி சொல்லலீங்க. நீங்க தொங்கவிட்ட எடம் சொல்லுது."

மூடிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தார், படிக்க வசதியாக! சூடெல்லாம் மேலே ஏறி நிற்க, முட்டைகள் கீழே குளிரில் கிடந்தன. தெர்மாமீட்டரை முட்டையின் முதுகு உயரத்துக்கு இறக்கியதும் குட்டு வெளிப்பட்டது. மறுநாள் பார்த்தால் பெட்டிக்குள் வியர்த்துக் கொட்டுகிறது, புழுங்கின வாடை. முட்டைக்குள் இருப்பதும் மூச்சு விட வேண்டுமே! கோணி ஊசியால் சுற்றிலும் துளை போட்டோம். ஒட்டிய டேப்பை எல்லாம் அவரே பிய்த்து எடுத்தார். குத்திக்காட்டாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அடுத்தது புரட்டிப்போடுகிற பிரச்சினை. கோழி தன் காலாலும் அலகாலும் முட்டைகளை ஓயாமல் உருட்டிக்கொண்டே இருக்கும். ஒரே பக்கமாகக் கிடந்தால் உள்ளே இருப்பது ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். நாங்கள் இரண்டு பேரும் காலையில் கம்பெனி பஸ் ஏறினால் திரும்பி வரச் சாயங்காலம். பகலில் யார் புரட்டுவது? அரசியக்காவைக் கேட்க எனக்குத் தைரியமில்லை. அவரே வந்தார், கையில் ஒரு நீளக் காம்பு அகப்பையோடு.

"நான் தொட மாட்டேன். அகப்பதான் தொடும். அகப்பைக்கு இன்னா ஆச்சாரம்?"

அந்த அகப்பை அன்றோடு சமையலறையிலிருந்து ஓய்வு பெற்றது. பின்கட்டு ஆணியில் அதற்குத் தனி இடம். எந்த முட்டையைப் புரட்டினோம், எதை விட்டோம் என்று குழப்பம் வரக்கூடாதென்று, அகப்பைக் காம்பின் நுனியைக் குங்குமத்தில் தொட்டு ஒவ்வொரு முட்டைக்கும் ஒரு பக்கம் பொட்டு வைத்தார். பொட்டு மேலே இருந்தால் காலை, கீழே போனால் சாயங்காலம். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது பெட்டியையும் ஒரு சுற்றுச் சுற்றப் பார்த்தார். நான் ஓடிப் போய்த் தடுத்தேன். புகை ஆகாது என்றதும், "சரி, சாமி அட்ஜஸ்ட் பண்ணிக்கும்" என்று தூபக்காலைத் திருப்பிக்கொண்டு போனார்.

அப்போதெல்லாம் மின்வெட்டுக் காலம். பகலில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பேக்கிங் பிரிவில் நான் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும்போது போன் அலறும்.

"ஏண்டி, கரண்டு பூட்ச்சு. பசங்களுக்குக் குளுருமா?"

பசங்களாம்! முட்டை என்கிற வார்த்தையையே அவர் விட்டுவிட்டிருந்தார். வெந்நீர் அடுப்பைப் பற்றவைத்து, பித்தளைச் செம்பில் சுடுநீர் ஊற்றி, துணி சுற்றிப் பெட்டிக்குள் வைக்கச் சொன்னேன். வைத்தார். அது ஆற ஆற மாற்றினார். கரண்ட் வந்ததும் எடுத்தார். அந்த வாரம் அவர் பகல் தூக்கமே தூங்கவில்லை என்று ஐயா என்னிடம் ரகசியமாகச் சொன்னார். சொல்லும்போது அவருக்கு அதில் கோபம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஒரு லீவு நாளில் பின்கட்டில் மெல்லியதாக அந்த வாடை அடித்தது. எல்லாம் நன்றாக இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும், அதற்கு இருட்டு வேண்டும். பட்டப்பகலில் இருட்டுக்கு எங்கே போவது? அரசியக்கா தடிமனான ஜமுக்காளத்தைக் கொண்டு வந்தார். நான், அவர், என் வீட்டுக்காரர் மூன்று பேரும் அதற்குள் தலையை விட்டுக்கொண்டு, காகிதச் சுருளில் டார்ச்சைச் செருகி, ஒவ்வொரு முட்டையாக வைத்துப் பார்த்தோம். சிவப்பாக நரம்பு ஓடியது. நடுவில் கறுப்பாக ஒன்று வெடுக்கென்று அசைந்தது.

"ஏ, ஒதைக்குது! ஒதைக்குதுடி!" என்று அரசியக்கா ஜமுக்காளத்துக்குள்ளேயே கத்தியதில் எனக்குக் காது அடைத்துவிட்டது.

வெளியே ஐயாவின் குரல் கேட்டது. "என்ன நடக்குது உள்ளே?"

"வளைகாப்புங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

ஒன்றே ஒன்று மட்டும் நரம்பில்லாமல், கலங்கிய குளம் மாதிரித் தெரிந்தது. வாடை அதிலிருந்துதான். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஓதுவார் வீட்டில் வெடித்திருக்கும். கைக்குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு போய்த் தென்னை மரத்தடியில் புதைத்தேன். தினேஷ் வீட்டு வாடையை நான் எப்படி மறப்பேன், சொல்லுங்கள்?

கடைசிக் கட்டத்தில் புரட்டுவதை நிறுத்த வேண்டும். குஞ்சு தலையைச் சரியான பக்கம் வைத்துக்கொண்டு வெளியே வரத் தயாராகிற நேரம் அது. அரசியக்காவுக்கு வேலை போய்விட்டது. அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார். சும்மா இருக்க முடியாமல் தெருவில் ஒவ்வொருவராக அழைத்து வந்து மூடியைத் திறந்து காட்ட ஆரம்பித்தார். பூக்காரம்மா இரண்டு தடவை வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் முட்டையில் விரிசல் விழுந்தது. பிறகு இன்னொன்றில். உள்ளிருந்து கீச்சென்று குரல் வேறு! நாங்களும் சும்மா இருந்தோமா? ஆளாளுக்கு மூடியைத் திறந்து திறந்து பார்த்தோம்.

பத்து மணியானது, பதினொன்றானது. விரிசல் அப்படியே நின்றது. அலகு நுனி தெரிகிறது, நகரவில்லை. கீச்சுச் சத்தம் தேய்ந்துகொண்டே வந்தது. அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"எத்தினி வாட்டி தொறந்தீங்க? அடக்கோழி எழுந்து எழுந்து தெருவுக்கா காட்டும்? ஈரம் பூட்ச்சுன்னா உள்தோலு காஞ்சு குஞ்சைக் கட்டிப் போட்ரும். வாயகன்ற பாத்திரத்துல சுடுதண்ணி வச்சு, ஈரத் துணி போட்டு மூடு. மூடிட்டு வேற வேல பாரு. கைய வச்சி உரிச்ச, ரத்தம் வந்துரும். கொன்னுடாத."

என் வீட்டுக்காரரோ கம்பெனியிலிருந்து சின்ன இடுக்கி ஒன்று கொண்டு வந்து தயாராக நின்றார். "லேசா ஓட்ட மட்டும் எடுத்து விட்டுறலாங்க, பாவங்க" என்றார். "தொட்டீங்கன்னா பாருங்க" என்று நான் கத்தினேன். கல்யாணமான நாளிலிருந்து அப்படிச் சண்டை போட்டதில்லை. கடைசியில் அரசியக்கா ஒரு மணையை எடுத்துவந்து பெட்டிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, மூடி மேல் கையை வைத்தார். "இனிமே யாரு தொறக்கறீங்கன்னு பாக்கறேன்."

வேடிக்கை பார்க்க வந்தவர்களை வாசலோடு விரட்டினார். "பிரசவ நேரத்துல இன்னா வேடிக்க? போ, போ."

மதியச் சாப்பாடு யாரும் சாப்பிடவில்லை. அடுப்பில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் மட்டும். நான் உள்ளே போய் ஒரு சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். வீடு போகிறதே என்பதுகூட அப்போது பெரிதாக இல்லை. என் செம்மியிடமிருந்து மிச்சம் இருப்பது அவ்வளவுதான் என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் போயிற்றோ, பின்கட்டிலிருந்து சத்தம் கேட்டது. ஒரு கீச். பிறகு இரண்டு. பிறகு சந்தை மாதிரி ஒரே இரைச்சல்.

மூடியைத் திறந்தால், ஈரத் தலையும் தள்ளாட்டமுமாக ஒன்றன் மேல் ஒன்று விழுந்துகொண்டு குஞ்சுகள்! செம்பட்டை, கறுப்பு, புள்ளி. அவர் இடுக்கியைத் தூக்கி எறிந்துவிட்டு என்னைத் தூக்கிச் சுற்றினார். அரசியக்கா இருப்பதுகூட அவருக்கு நினைவில்லை.

ஒன்று மட்டும் வரவில்லை. மற்றதெல்லாம் உலர்ந்து எழுந்து நின்ற பிறகும், அது ஓட்டுக்குள்ளேயே அலகை ஆட்டிக்கொண்டு கிடந்தது. உள்தோல் காகிதம் போலக் காய்ந்து ஒட்டியிருந்தது. இவ்வளவு நேரமாகியும் வராததை மட்டும், தண்ணீர் தொட்டுத் தடவி, ரத்தம் தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்து விடுவிக்கலாம் என்று அம்மா சொல்லியிருந்தாள். கையில் எடுத்தேன், தோலைத் தொடத் துணியவில்லை. என் வீட்டுக்காரரும் பின்வாங்கினார்.

"குடு இங்க" என்றார் அரசியக்கா.

அகப்பையைத் தேடவில்லை. வெறும் கையில் வாங்கிக்கொண்டார். வெந்நீரில் விரலை நனைத்து, அந்தத் தோலைத் தடவித் தடவி, ஒரு துளி பிரிப்பதும் நிறுத்துவதுமாக, மூச்சுகூட விடாமல் செய்தார். அது உடம்பை நெளித்து ஓர் உந்து உந்தி, வழுக்கிக்கொண்டு அவர் உள்ளங்கையில் வந்து விழுந்தது. ஓட்டுத் துண்டில் குங்குமம் அப்படியே இருந்தது.

"ஏங்க! இங்க வந்து பாருங்க! நம்ம வூட்ல பொறந்துச்சு!" தெருவே கேட்கிற மாதிரிக் கத்தினார். கத்திக்கொண்டே அழுதார். ஐயா வந்து எட்டிப் பார்த்து, "சரி, கை கழுவு" என்றார்.

"கழுவறேன் இருங்க. இப்ப இன்னா அவசரம்?"

அன்றைக்கு அவர் கை கழுவியதை நான் பார்க்கவில்லை.

கடைசியாக வந்ததற்குப் பொட்டு என்று பெயர் வைத்தார். அது அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டே சமையலறை, கூடம், பூஜையறை எல்லாம் சுற்றியது. "மலைக்கோயில்ல பிரசாதம் துன்ன வர்ற கழுகு வர்றது நின்னு பூட்ச்சுன்னு ஊரே கவலப்படுது, நீங்க கோழிக்குஞ்சு வளக்கறீங்க" என்று யாரோ கேலி செய்தபோது, "வந்தா வரட்டும், அகப்ப இருக்குது" என்றார். கழுகு வரவில்லை. எங்களையும் யாரும் காலி செய்யச் சொல்லவில்லை. எத்தனையோ வருடம் அங்கேயே இருந்தோம்.

அடுத்த வருடம் எனக்கு மெய்யாகவே நாள் தள்ளிப்போனது. போய்ச் சொன்னேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் வயிற்றை ஒரு பார்வை பார்த்தார். "இந்த வாட்டி கோழியா, கொழந்தையா?"

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் மகள் பிறந்தபோது முதலில் வந்து நின்றவர் அவர்தான். குழந்தையைக் கையில் வாங்கி, திருஷ்டிக்கு ஒரு கன்னத்தில் மட்டும் மைப்பொட்டு வைத்தார். என்னிடம் கொடுக்கும்போது முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "ஒரே பக்கமா படுக்கப் போடாத. பொட்டு மேல இருந்தா காலைல, கீழ போனா சாயங்காலம்" என்றார். தையல் போட்ட வயிற்றோடு நான் சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடி வந்து இரண்டு பேரையும் திட்டினாள்.

அந்த மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். ஓதுவார் வீடு இருந்த இடத்தில் மூன்று மாடிக் கட்டடம் நிற்கிறது. வெந்நீர் அடுப்பும் தென்னை மரமும் இல்லை. இங்கே கரண்ட் போனால் விளக்கு ஒரு தடவை சிமிட்டும், ஜெனரேட்டர் பிடித்துக்கொள்ளும், யாரும் யாருக்கும் போன் செய்து குளிருமா என்று கேட்பதில்லை. ஐயா முதலில் போனார், பின்னாலேயே அரசியக்கா. அவர் பிள்ளைகளிடம் கேட்டு வாங்கி வந்த அகப்பை என் சமையலறை ஆணியில் தொங்குகிறது. சமையலுக்கு அதை எடுக்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

தினேஷின் இன்குபேட்டரைச் சுத்தம் செய்து, நேற்றுப் புது முட்டைகள் வைத்தோம். நான் குங்குமச் சிமிழையும் அகப்பையையும் எடுத்துக்கொண்டு போய்க் குந்தினேன்.

"பொட்டு எதுக்கு ஆன்ட்டி? இது மெஷினே திருப்பும்" என்றான்.

"திருப்பட்டும்" என்றேன். ஒவ்வொன்றாக வைத்தேன். கடைசி முட்டைக்கு வைக்கும்போது காம்பை விட்டுவிட்டு விரலால் வைத்தேன். அரசியக்கா வெறும் கையில் வாங்கியதும் கடைசி முட்டையைத்தான்.